நாளே பா

போன அக்டோபர் கடைசியில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

‘31-ம் தேதி மாலை ஆறு மணிக்கு மேல் பேய்கள் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும். தயவுசெய்து கதவைத் திறக்கவும். சாக்லேட் தயாராக வைத்திருக்கவும்.’

தண்ணீர் லாரி எத்தனை மணிக்கு வரும், மெயின்டனன்ஸ் பாக்கி யார் யார் தரணும் என்று மட்டுமே நோட்டீஸ் போட்டுவந்த சங்கம் இது. மூன்றாவது மாடி வருவதற்குள் இரண்டு தடவை படித்துவிட்டேன். என் மகள் ஆறாவது படிக்கிறாள். ‘அப்பா, ஹாலோவீன்! போன வருஷம் பெங்களூர்ல எல்லா அபார்ட்மென்ட்லயும் பண்ணாங்களாம். இந்த வருஷம் நம்மளும்!’ என்று குதித்தாள். பெங்களூரில் ஒன்று வந்தால் அது ஓசூருக்கு வந்து சேர நாற்பது கிலோமீட்டர்தான். வாடகை உயர்வு வந்திருக்கிறது. டிராஃபிக் வந்திருக்கிறது. பேயும் அந்த வழியாகத்தான் வந்தது. ஆனால், இது முதல் தடவை இல்லை. என்னுடைய எட்டாம் வகுப்பில் ஒரு பேய் அதே ரோட்டில் வந்தது. அப்போது நோட்டீஸ் வேறு மாதிரி இருந்தது. கதவைத் திறக்காதீர்கள் என்று.

அந்தக் கதையைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளில் பெங்களூரில் பரவிய கதை. ராத்திரியில் ஒரு பெண் பேய் தெருத் தெருவாக வரும். கதவைத் தட்டும். உங்களுக்கு ரொம்ப வேண்டியவர்களின் குரலில் கூப்பிடும். அம்மா குரலில், தங்கச்சி குரலில். திறந்தீர்களோ, தீர்ந்தது கதை. இதற்கு யாரோ ஒரு புண்ணியவான் சுலபமான வழி கண்டுபிடித்தான். கதவில் ‘நாளே பா’ என்று கன்னடத்தில் எழுதிவிட வேண்டியது. ‘நாளை வா’ என்று அர்த்தம். பேய் வரும், படிக்கும், ‘சரி, நாளைக்கு வரலாம்’ என்று போய்விடும். மறுநாள் வரும். மறுபடி படிக்கும். மறுபடி போகும். கடன்காரனுக்கு நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் பதில்தான். பேயிடமும் செல்லுபடியானது.

ஆந்திராவில் இதே பேய்க்கு ‘ஓ ஸ்த்ரீ, ரேப்பு ரா’ என்று எழுதினார்கள். 2018-ல் இந்தியில் வந்த ‘ஸ்த்ரீ’ படத்தின் மூலக்கதை இதுதான். இந்திக்காரர்கள் அதைத் தியேட்டரில் பார்த்துச் சிரித்தார்கள். எங்களுக்கு அது வீட்டுக் கதவு.

நாங்கள் அப்போது ஓசூரில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். வரிசையாக ஆறு வீடு, கடைசியில் பொதுக் கழிப்பறை, முன்னால் ஓனர் வீடு. எழுபதுகளில் சிப்காட் வந்த பிறகு ஓசூரில் இப்படி நூற்றுக்கணக்கான லைன் வீடுகள் முளைத்தன. தமிழ்நாட்டின் எந்த ஜில்லாக்காரனையும் அங்கே பார்க்கலாம். ஓனரம்மா கன்னடம். இரண்டாவது வீடு தெலுங்கு. நாங்கள் காவேரிப்பட்டணம் பக்கம். அடுத்த வீட்டில் செய்யாறு பக்கத்திலிருந்து வந்த இளம் தம்பதி, ஒன்றரை வயதுப் பையன். ஆக எங்கள் லைனில் மூன்று பாஷையில் எழுதினோம். சாக்பீஸ் உபயம், நான். மஞ்சளில் குழைத்தும் சிலர் எழுதினார்கள்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் எழுந்தது. பேய் கன்னடப் பேய். நாம் தமிழில் எழுதினால் அதற்குப் படிக்கத் தெரியுமா? ‘எதுக்கு வம்பு, எல்லா கதவுலயும் கன்னடத்துலயே எழுதிடு’ என்று அம்மா சொன்னாள். எங்கள் அப்பாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்றுதான் காட்டிக்கொள்வார். ‘அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல லாரிக்காரனையே ரெண்டு மணி நேரம் நிறுத்தி வெக்கிறான். பேய் மட்டும் பர்மிட் இல்லாம எப்படி வரும்?’ என்று சிரித்தார். சிரித்துவிட்டு, ராத்திரி படுக்கப்போகும் முன் டார்ச் அடித்து, எழுத்து அழியாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படுத்தார்.

எனக்கு அந்த மாதங்கள் திருவிழா.

ஏனென்றால் எனக்குப் பேய் பிடிக்கும். பேய் பிடிப்பது வேறு, பேய் பிடிக்கும் என்பது வேறு. நான் இரண்டாம் ரகம். இந்த ருசி எனக்கு எப்போது வந்தது என்றுகூட எனக்குத் தெரியும். மாசி மாதம், மகாசிவராத்திரி முடிந்த அமாவாசையில் காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை நடக்கும். அங்காளம்மனுக்கு. காளி வேஷம் போட்டு, முகமெல்லாம் கறுப்பும் சிவப்புமாக, நாக்கைத் துருத்திக்கொண்டு ஆட்கள் ஆவேசமாக ஓடி வருவார்கள். கூட்டம் அலறி விலகும், அலறிக்கொண்டே பின்னால் ஓடும். ஐந்து வயதில் தாத்தாவின் தோளில் உட்கார்ந்து, அவர் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தேன். உயிர் போகிற மாதிரி பயம். ஆனால், இறக்கிவிடச் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் அதே காளி டீக்கடையில் உட்கார்ந்து, சாயம் கலையாமல் உதட்டைக் குவித்து டீயை ஊதிக் குடித்தார். என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்த டீ கிளாஸையும் சேர்த்துத்தான் எனக்கு அந்தப் பயம் பிடித்துப்போனது. பயந்து முடித்த பிறகு ஒரு டீக்கடை இருக்கிறது என்ற உத்தரவாதம்.

யோசித்தால் தமிழனுக்கு இது புதிதே இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஜெயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பேய்களுக்குக் கூழ் காய்ச்சி விருந்தே வைத்துவிட்டார். போர்க்களத்தில் சமையல். குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும்கூடப் பந்தியில் இடம் உண்டு. ‘முனி’, ‘காஞ்சனா’ என்று லாரன்ஸ் எடுத்த பேய்க் காமெடிகளுக்கெல்லாம் பூட்டன் அது.

தொல்காப்பியர் இன்னும் நிதானமாக யோசித்திருக்கிறார். அச்சம் நான்கு காரணங்களால் வரும் என்கிறார். அணங்கு, விலங்கு, கள்வர், இறை. இறை என்றால் அரசன். ஓசூரில் சூப்பர்வைசர். மற்ற மூன்றும்கூட எங்கள் ஊரில் தாராளம். விலங்குக்கு ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடு. ராகி முற்றுகிற சமயம் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டம் இறங்கி சானமாவு வரை வரும். ராகிக்குக் காவல் இருக்கும் ஆளுக்கு மாலை மயங்கினாலே உண்மையான பயம். அவர் டிக்கெட் வாங்கி அனுபவிக்கும் பயமல்ல.

கென்னத் ஆண்டர்சன் என்ற பெங்களூர் வேட்டைக்காரர் 1954-ல் வெளியிட்ட முதல் புத்தகத்தில் ஜவளகிரிப் புலியும் இருக்கிறது, கும்மளாபுரம் சிறுத்தையும் இருக்கிறது. அப்போது ஓசூர் தாலுகா சேலம் ஜில்லாவில் இருந்தது. அந்தச் சிறுத்தை நாற்பது பேருக்கு மேல் கொன்றதாக எழுதுகிறார். சூரியன் இறங்கியதும் ஊர் முழுக்கக் கதவை அடைத்து, உள்ளே பெட்டியையும் கல்லையும் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்த வர்ணனை வரும். புத்தகத்தில் அதன் பெயரே ‘புள்ளி போட்ட பிசாசு’தான். எங்கள் பக்கத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரிஜினல் ஹாரர் புத்தகம் என்று அதைத்தான் சொல்வேன். யாராவது கிடைத்தால் படித்துப் பாருங்கள். ஆனால், ராத்திரி தனியாகப் பாத்ரூம் போகவேண்டிய வீட்டில் இருந்தால் வேண்டாம்.

நான் ஆண்டர்சனைப் படித்தது பிற்பாடு. பள்ளிக்கூட வயதில் எனக்குக் கிடைத்தது பி.டி.சாமி. பஸ் ஸ்டாண்ட் கடையில் தோரணமாகத் தொங்கும் மாத நாவல்கள். அட்டையில் வெள்ளைப் புடவை, விரித்த கூந்தல், பின்னால் ஒரு பங்களா. பாடப் புத்தகத்துக்குள் வைத்துப் படிப்பேன். அப்புறம் டெக். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆறு வீட்டிலும் காசு போட்டு டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுப்பார்கள். முதலில் ஒரு சாமி படம் அல்லது ரஜினி படம், பெண்களுக்காக. பத்து மணிக்கு மேல் ‘ஈவில் டெட்’. ஒரு வார்த்தை இங்கிலீஷ் புரியாமல் லைன் மொத்தமும் அலறியது. படம் முடிந்ததும்தான் பிரச்னை. கழிப்பறை லைன் கடைசியில். அன்று ஆறு வீட்டு ஆண்களும் ஒரே நேரத்தில் கூட்டமாகப் போய், ஒருவர் உள்ளே போக மற்ற ஐந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டு நின்றார்கள். நடுவில் என்னை நிறுத்திக்கொண்டார்கள். எனக்குத் துணையாம்.

உடம்புக்கு நிஜ பயத்துக்கும் இந்தப் பயத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியாதாம். இரண்டிலும் அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மூளையின் ஒரு மூலை மட்டும் ‘இது படம்தான், நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் அந்தப் படபடப்பு குஷியாக மாறிவிடுகிறது. அந்த மூலை அணைந்துபோனால் என்ன ஆகும் என்பதுதான் விஷயம்.

‘நாளே பா’ சீசனில் எங்கள் லைனின் ஆஸ்தான கதைசொல்லி நான். ஏழு மணிக்குக் கரண்ட் போனால் எல்லோரும் வெளியே பாய் விரித்து உட்கார்வார்கள். ‘டேய் கண்ணு, அந்தப் பேயி கதையச் சொல்லுடா’ என்பார்கள். பெங்களூரிலிருந்து வந்த கதை ரொம்பச் சின்னது. தட்டும், கூப்பிடும், செத்துப்போவார்கள். அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவது? நான் சேர்க்க ஆரம்பித்தேன். மாத நாவலில் இருந்து ஒரு கொலுசு. படத்தில் இருந்து ஒரு நாய் ஊளை. மடிவாளாவில் ஒருத்தர், கோரமங்களாவில் ஒருத்தர் என்று சாவுக்கு அட்ரஸ் கொடுத்தேன். எல்லாம் புளுகு. ஆனால், அக்காமார்கள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்காரும்போது கிடைக்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதைக் கதை சொன்னவனுக்குத்தான் தெரியும்.

மார்கழியில் ஒரு நாள், சரக்கு தீர்ந்துபோன நிலையில் புதிதாக ஒன்று சொன்னேன்.

‘இப்பல்லாம் பேர் சொல்லிக் கூப்பிட்டா யாரும் தொறக்கறதில்ல இல்ல? அதனால அது கொழந்த மாதிரி அழுவுதாம். வெளியில கொழந்த அழற சத்தம் கேக்கும். பொம்பளைங்க மனசு கேக்காம தொறந்துடுவாங்க. அவ்ளோதான்.’

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. செய்யாறு அக்கா மடியில் தூங்கிக்கொண்டிருந்த பையனை இறுக்கிக்கொண்டார். ‘போடா, எங்கிருந்துதான் கேட்டுட்டு வருவியோ’ என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு அதுவரை கிடைத்ததில்லை.

நாலைந்து நாள் கழித்து அது நடந்தது.

ஓசூர் பனி தெரியுமா உங்களுக்கு? கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழியில் எதிர் வீட்டு விளக்கு தெரியாது. அன்று கரண்டும் இல்லை. அப்பாவுக்கு ஜெனரல் ஷிஃப்ட் என்பதால் வீட்டில் இருந்தார். ராத்திரி ஒரு மணி இருக்கும். டொக், டொக் என்று கதவில் சத்தம்.

‘அக்கா… அக்கா… கதவத் தொறங்க அக்கா…’

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். நான் ஏற்கெனவே விழித்திருந்தேன்.

‘பக்கத்து ஊட்டுப் புள்ள கொரலு மாதிரி இருக்குதே’ என்றாள்.

‘மாதிரிதான் இருக்கும். படு’ என்றார் அப்பா. கிசுகிசுப்பாக.

அப்போது குழந்தை அழுகை கேட்டது. சாதாரண அழுகை இல்லை. விட்டுவிட்டு, தொண்டையில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி ஒரு சத்தம். அம்மா எழுந்து நின்றுவிட்டாள். தாழ்ப்பாளில் கை வைத்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்பா பாய்ந்து அவள் கையைப் பிடித்தார்.

‘பைத்தியமா உனக்கு? பையன் சொன்னான்ல… கொழந்த சத்தமும் வரும்னு!’

இருட்டில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிய மாதிரி இருந்தது. ‘அது நானா சொன்னதுப்பா’ என்று சொல்ல மூன்று விநாடி போதும். சொல்லவில்லை. வெட்கமா என்று கேட்டால், அது பாதி. மீதிப் பாதியைச் சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, நான் இட்டுக்கட்டிய பேய் நிஜமாகவே வந்து வாசலில் நிற்கிறது என்று அந்த நேரத்தில் நானே நம்பினேன். போர்வைக்குள் போய்விட்டேன்.

சத்தம் அடுத்த கதவுக்குப் போனது. அதற்கடுத்த கதவுக்கு. ‘அண்ணா…’ என்றது. ஓனர் வீட்டுக் கதவில் ‘அம்மா, பாகிலு தெகீரி’ என்று தெரிந்த அரைகுறைக் கன்னடத்தில் கெஞ்சியது. எந்தத் தாழ்ப்பாளும் திறக்கவில்லை. பிறகு வெளி கேட் கிறீச்சிட்டது. அப்புறம் ஒன்றும் இல்லை. அம்மா விடியும்வரை கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

காலையில் பார்த்தால் செய்யாறு அக்கா வீடு பூட்டியிருந்தது.

எட்டு மணிக்கு ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார். தோளில் பையன் தூங்கிக்கொண்டிருந்தான். புருஷன் நைட் ஷிஃப்ட். குழந்தைக்குக் காய்ச்சல் ஏறி வெட்டு வந்திருக்கிறது. கண் செருகி, கை கால் இழுத்து… போன் கிடையாது, ஆட்டோ கிடையாது. ஆறு கதவையும் தட்டிவிட்டு, பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு ஹைவேஸ் வரைக்கும் ஓடியிருக்கிறார். அப்போது அது என்.எச்.7, இப்போது 44. அந்தப் பனியில், தலைவிரி கோலமாக, ரோட்டோரம் ஒரு பெண் கையை நீட்டினால் எந்த லாரிக்காரன் நிறுத்துவான்? மோகினிக் கதை தெரிந்த நம் ஆட்கள் ஐந்தாறு பேர் வேகத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்களாம். கடைசியில் ஒரு சர்தார்ஜி நிறுத்தினார். அவருக்கு எங்கள் ஊர்ப் பேய்களைப் பற்றி எதுவும் தெரியாது. ஆஸ்பத்திரி வாசல்வரை லாரியிலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறார்.

பையன் பிழைத்துக்கொண்டான். முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் எங்களுக்கு அது காலை எட்டு மணிக்குத்தான் தெரியும்.

அம்மா பாலைக் காய்ச்சி எடுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னால் போனேன். அவளால் பேச முடியவில்லை. தம்ளரை நீட்டிக்கொண்டு நின்றாள். அக்கா வாங்கிக்கொண்டார். ‘அழுவாதீங்க அக்கா. நானும்தான் தொறந்திருக்க மாட்டேன்’ என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. பிறகு வெளியே வந்து, வாளித் தண்ணீரில் கையை நனைத்து, தன் வீட்டுக் கதவில் இருந்த ‘நாளே பா’வைத் தேய்த்து அழித்தார். அது என் கையெழுத்து. பொங்கல் முடிந்து ஒரு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் எனக்கு உறுத்துகிற இன்னொன்றும் உண்டு. 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்னையில் பெங்களூரில் கலவரம் வந்தபோது தமிழர்கள் மூட்டை முடிச்சோடு எல்லையைத் தாண்டி ஓசூருக்கு வந்து இறங்கினார்கள். நான் அப்போது நாலாவது. அது நிஜமான பயம். அன்று ராத்திரி எங்கள் லைனில் ஒரு கதவும் சாத்தவில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பம் எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கியது. கன்னடக்கார ஓனரம்மாதான் பெரிய அண்டாவில் சாதம் வடித்துக்கொடுத்தார். நாலு வருஷம் கழித்து அதே கதவுகள்தான், ஒரு பையன் சுவாரஸ்யத்துக்குச் சொன்ன கதைக்குத் திறக்காமல் போயின.

இதற்குப் பிறகு நான் பேய்க் கதைகளை வெறுத்து ஒதுக்கினேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். பொய். ஒரு வருஷம் தொடவில்லை. அப்புறம் ‘மர்மதேசம்’ சன் டி.வி-யில் வந்தது. ‘விடாது கருப்பு’ குதிரைக் குளம்பொலி கேட்டால் எவன் விரதம் நிற்கும்? ஆனால், ஒன்று மட்டும் மாறியது. யாருக்கும் பேய்க் கதை சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பாலிடெக்னிக் படிக்கையில், 2001 வாக்கில், ஒரு கேம்ஸ் சென்டரில் மணிக்கணக்கில் ‘ரெசிடென்ட் ஈவில்’ ஆடியிருக்கிறேன். 1996-ல் வந்த ஜப்பான்காரன் கேம். அதில் ஓர் அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போகும்போதெல்லாம் திரை கறுத்து, ஒரு கதவு மட்டும் மெதுவாகத் திறப்பதைக் காட்டுவான். அடுத்த அறையை டிஸ்க்கிலிருந்து ஏற்றிக்கொள்ள மெஷினுக்கு அவகாசம் வேண்டும், அதற்கான தந்திரம் அது. மற்ற பையன்கள் அந்த ஐந்து விநாடியில் சமோசா கடிப்பார்கள். எனக்குத்தான் உள்ளங்கை ஈரமாகும்.

2004-ல் ‘ஆப்தமித்ரா’வை எல்லை தாண்டிப் போய்ப் பார்த்தோம். அதே பி.வாசு 2005-ல் ‘சந்திரமுகி’ எடுத்தபோது, ஓசூர் தியேட்டரில் பாதிப் பேருக்குக் கதை முன்பே தெரியும். பின்சீட்டுக்காரர் ஒவ்வொரு காட்சிக்கும் முன்னுரை வழங்கினார். எல்லையோர ஊரின் சாபம். ஆனால், இரண்டில் என்னைப் பயமுறுத்தியது கன்னடம்தான். அதில் ஆடிய சௌந்தர்யா அந்த ஏப்ரலில் விமான விபத்தில் இறந்துபோய், ஆகஸ்டில் படம் வந்தது. பேயாக ஆடுகிற பெண் உண்மையிலேயே இல்லை. தியேட்டரே கொஞ்சம் மௌனமாகத்தான் பார்த்தது.

‘குரங்குப் பாதம்’ என்ற கதையைப் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருப்பீர்கள். டபிள்யூ.டபிள்யூ.ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதியது. மிஷினில் சிக்கிச் செத்துப்போன மகன், மந்திரத்தின் தயவில் ராத்திரி திரும்பி வந்து கதவைத் தட்டுகிறான். அம்மா தாழ்ப்பாளைத் திறக்க ஓடுகிறாள். என்ன கோலத்தில் வந்து நிற்கிறானோ என்று அப்பாவுக்கு நடுக்கம். அவள் திறந்துவிடுவதற்குள் கடைசி வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவு திறக்கும்போது வெளியே யாரும் இல்லை. இருபத்துநாலு வயதில், நைட் ஷிஃப்ட்டில், டீ பிரேக்கில் இதைப் படித்தேன். கதையில் மகன் ஃபேக்டரி மிஷினில்தான் சாகிறான். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. தாழ்ப்பாளும் அந்த அம்மாவும்தான். புத்தகத்தை மூடிவிட்டு லைனுக்குப் போய்விட்டேன்.

அப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம் ஆகிறது. அம்மா எங்களோடு இருக்கிறாள். மகள் மொபைலில் ‘கிரானி’ விளையாடுவாள். 2017-ல் வந்த கேம். ஒரு பாட்டி நம்மை வீட்டுக்குள் பூட்டிவைத்துவிடுவாள். சின்னச் சத்தம் கேட்டாலும் கட்டையோடு வந்துவிடுவாள். ஐந்து நாளுக்குள் சாவி தேடி வாசக்கதவைத் திறந்து தப்பிக்க வேண்டும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்ப்பாள். ‘பாவம், அவ்ளோ பெரிய ஊட்டுல தனியா கெடக்குறா கிழவி. யாராச்சும் பேச்சுத் துணைக்கு இருந்தா ஏன் கட்டையத் தூக்கறா?’ என்பாள். மகள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த 31-ம் தேதி மத்தியானம், மகள் பழைய வெள்ளை பெட்ஷீட்டில் கண்ணுக்கு ஓட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அம்மா பெட்ஷீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரியும். மகள் எழுந்து போனதும், முப்பது வருஷமாகத் தொண்டையில் இருந்ததைச் சொல்லிவிட்டேன்.

‘அம்மா, அந்தக் கொழந்த அழற சமாச்சாரம்… அது பெங்களூர்க் கதையில கெடயாது. நானா சேத்தது.’

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. கீழே கிடந்த துணித் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

‘நீ சொன்னதாலயா நான் தொறக்கல?’ என்றாள். ‘அது அவ கொரலுன்னு எனக்குத் தெரியும்டா. பயமா இருந்துச்சு. தொறக்கல.’

அதற்கு மேல் இரண்டு பேரும் பேசவில்லை.

ஆறரை மணிக்குக் காலிங் பெல் அடிக்க ஆரம்பித்தது. எங்கள் பிளாக்கில் பாதிக் குடும்பங்கள் வடக்கத்தி. எலும்புக்கூடு, சூனியக்காரி, டிராகுலா என்று வரிசையாக வந்தார்கள். டிராகுலாவை வீட்டுக்காரர்கள் ஒரு தடவை உள்ளே அழைத்தால்தான் அது நுழைய முடியும் என்று பிராம் ஸ்டோக்கர் நாவலில் வரும். எங்கள் பிளாக் டிராகுலாவுக்கு அந்தச் சங்கடம் இல்லை, நேராக ஃப்ரிட்ஜ் வரைக்கும் போனது. ஒவ்வொரு பெல்லுக்கும் அம்மாதான் எழுந்து போனாள். முட்டி வலியோடு. நான் எழுந்தால் ‘நீ உக்காரு’ என்றாள். எந்த வீட்டில் இருந்தாலும் அம்மா அப்படித்தான். கூரியர், கேஸ், ராத்திரி பதினோரு மணிக்கு மாடி மாறி வந்துவிடும் சாப்பாட்டு டெலிவரிப் பையன், யாராக இருந்தாலும் ஓட்டையில் எட்டிப் பார்க்காமல் திறப்பாள். ‘கள்வர் என்று மூன்றாவதாக ஒன்று இருக்கிறதம்மா’ என்று தொல்காப்பியம் சொல்லியும் பார்த்துவிட்டேன்.

எட்டரைக்கு மேல் கூட்டம் ஓய்ந்தது. சாக்லேட் தீர்ந்துபோயிருந்தது. அப்போது ஒரு பெல். தயங்கித் தயங்கி, எட்டாத உயரத்துக்கு எக்கி அடித்த பெல்.

அம்மா திறந்தாள். மூன்று, நாலு வயது இருக்கும். தலையணை உறையை மாட்டிக்கொண்ட ஒரு குட்டிப் பேய். கூட்டத்திலிருந்து பிரிந்து, தன் வீடு எந்த மாடி என்று தெரியாமல் வந்துவிட்டது போல. எங்களைப் பார்த்ததும் உறைக்குள்ளிருந்து ‘ஓ’வென்று அழ ஆரம்பித்தது.

‘அய்யோ சாமி, வா வா… உள்ள வா, பனியில நிக்காத’ என்று அம்மா அதைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்படியே என்னைத் திரும்பிப் பார்த்து, ‘ஒரு தம்ளர் பாலு காய்ச்சுடா’ என்றாள்.